லென்ஸ் இல்லை என்று சொன்ன கமரா

கமராக் கடையில் வேலை செய்ய கமராவைப் பற்றித் தெரிந்திருக்கத் தேவையில்லை. ஊரார் வீட்டு அலுமாரிகளைப் பற்றித் தெரிந்திருந்தால் போதும்.

எங்கள் கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் அலுமாரியின் அடித்தட்டைக் கிளறிவிட்டுத்தான் வருகிறார்கள். கையில் பிலிம் காலத்து லென்ஸ் ஒன்று இருக்கும். மேசையில் வைத்துவிட்டு, “இதுக்கு ஏத்த டிஜிட்டல் கமரா ஒண்டு தாங்கோ” என்பார்கள், செருப்புக்கு வார் கேட்பது போல. கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியில் ஒரு புடவைக்கடைக்கும் ஒரு சாப்பாட்டுக்கடைக்கும் நடுவில் ஒடுங்கிப்போய் நிற்கிற கடை. முதலாளி றியாஸ் நானா. கவுண்டரில் நான், பதினொரு வருடமாக. கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்று பிழைக்கிறவர்களே, நீங்கள் விற்பது மருந்தோ மண்வெட்டியோ, என் நோவு உங்களுக்குப் புரியும்.

புரியாதவர்களுக்கு ஒரே ஒரு பாடம். ஒவ்வொரு பழைய லென்சும் படம் விழுகிற இடத்திலிருந்து இவ்வளவு தூரத்தில்தான் நிற்பேன் என்று பிடிவாதம் பிடிக்கும். உள்ளே கண்ணாடி வைத்த தடித்த டிஜிட்டல் கமராக்களில் அந்தத் தூரம் அநேகமாகச் சரிவராது. கண்ணாடி இல்லாத மெல்லிய கமரா என்றால் நடுவில் ஒரு வளையத்தைப் போட்டுத் தூரத்தைச் சமாளிக்கலாம். ஃபோக்கசைக் கையால்தான் திருப்ப வேண்டும். அவ்வளவுதான். இந்த நாலு வசனத்தைச் சொல்லித்தான் பதினொரு வருடமாகச் சோறு சாப்பிடுகிறேன்.

இன்னொன்றையும் உங்களிடம் மட்டும் சொல்லி வைக்கிறேன். எனக்குப் படம் எடுக்க வராது. நான் எடுத்த படங்களில் தலை இருந்தால் கால் இருக்காது, இரண்டும் இருந்தால் தெளிவு இருக்காது. இது நானாவுக்கு மட்டுமே தெரிந்த இரகசியம். “மகள், வாயத் தொறந்து செல்லிராதீங்கோ, யாவாரம் படுத்துரும்” என்பார்.

பால்மா ரின்

போன வருடம் மழை தொடங்கிய நாட்களில் ஒரு காலை, கொட்டாஞ்சேனையிலிருந்து ஸ்டீபன் அங்கிள் வந்தார். அறுபது தாண்டிய மனிதர். பிலிம் காலத்தில் கல்யாணங்களுக்குப் படம் எடுத்தவர். ஜிந்துப்பிட்டி தொடங்கி மட்டக்குளி வரைக்கும் தான் எடுக்காத கல்யாணம் ஒன்றுகூட இல்லை என்று, யாரும் கேட்காமலே சொன்னார். கையில் ஒரு பால்மா ரின். மூடியைத் திறந்து, உள்ளே நிரம்பியிருந்த அரிசிக்குள் கையை விட்டுத் துழாவி, பொலித்தீன் பையில் சுற்றிய லென்சை வெளியே எடுத்தார். பூஞ்சணம் பிடிக்காமலிருக்க அரிசியாம். பூஞ்சணம் பிடிக்கவில்லை, உண்மைதான். ஆனால் பையை உதறியபோது இரண்டு வண்டுகள் விழுந்து என் பில் புத்தகத்தின் மேல் நடக்கத் தொடங்கின.

அவருடைய பிரச்சினை இதுதான். மகள் ரொஷானிக்கு மூன்று கிழமையில் கல்யாணம். அவள் படம் எடுக்க ஒரு கம்பனியைப் பிடித்துவிட்டாள். ட்ரோன் எல்லாம் பறக்குமாம். ‘என் மகள் கல்யாணத்தை வேறொருத்தன் எடுப்பதா’ என்று அங்கிள் இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தார்; கடைசியில் இருவரும் ஒரு சமாதானத்துக்கு வந்திருந்தார்கள். கத்தோலிக்கக் கோயில் வாசலில் எடுக்கிற குடும்பப் படம் ஒன்று மட்டும் அப்பாவுக்கு. அதுவும் டிஜிட்டலில்தான், அன்றைக்கே எல்லாருடைய போனுக்கும் போக வேண்டும். ஐந்து நிமிடத்துக்குள் எடுக்க முடியாவிட்டால் கம்பனிக்காரர் எடுப்பார்கள். அங்கிள் சம்மதித்தார், லென்ஸ் தன்னுடையதாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. அத்தோடு நில்லாமல் கொட்டாஞ்சேனை முழுக்கச் சொல்லியும் விட்டார். இனிமேல் அந்த ஒரு படம் பிசகினால் தெருவில் தலைகாட்ட முடியாது.

லென்சில் இருந்த அதே கம்பனிப் பெயரை எங்கள் கண்ணாடி அலுமாரிக்குள் ஒரு டிஜிட்டல் கமராவில் கண்டதும் முகம் மலர்ந்து, தானே எடுத்து மாட்டப் பார்த்தார். இடப்பக்கம் திருப்பினார், வலப்பக்கம் திருப்பினார், சிலுவை போட்டுவிட்டுத் திருப்பினார். லென்ஸ் உள்ளே போகவில்லை. இடையில் கம்பனி லென்ஸ் மாட்டுகிற வாயை மாற்றிவிட்டது, பழையது புதியதில் ஏறாது என்று நான் மெதுவாகச் சொன்னேன். அங்கிள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ஒரே கம்பனி, ஒரே பேரு, ஆனா ஒட்ட மாட்டேங்குதா? எங்க அண்ணன் தம்பிங்க மாதிரியே இருக்குங்களே மிஸ்!”

நல்லெண்ணெய்

கண்ணாடி இல்லாத மெல்லிய கமரா, அதுவும் படத்தைப் பிடிக்கிற சென்சர் பிலிம் அளவுக்கே பெரிதாக உள்ளது, கடையில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. பாவித்ததுதான், ஆனால் நல்ல சாமான். அதில் ‘ஸ்டீபன்’ என்று ஒரு துண்டு எழுதி ஒட்டி மேல்தட்டில் ஏற்றினேன். வளையம் சிங்கப்பூரிலிருந்து வர இரண்டு கிழமை ஆகும் என்றார்கள். அந்த இரண்டு கிழமையும் அங்கிள் ஒன்றுவிட்ட ஒருநாள் பஸ் ஏறி வந்து, “வந்திருச்சா மிஸ்?” என்று கேட்டுவிட்டு, நானாவோடு ஒரு பிளேன்ரீ குடித்துவிட்டுப் போனார்.

அப்படி ஒருநாள் அவர் இருக்கும்போதுதான் நான் குடியிருக்கிற லேனிலேயே இருக்கிற ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவர் வந்தார். கனடாவிலிருந்து வரப்போகிற மகனுக்கு வீட்டிலிருந்த லென்சுக்கு ஏற்ற கமரா வாங்கி வைக்க வேண்டுமாம். லென்சைக் கையில் எடுத்தேன். வழுக்கியது. திருப்பினேன். வெண்ணெயில் கத்தி இறங்குவது போல அவ்வளவு சுகமாகச் சுழன்றது. உள்ளே பார்த்தால் ஒளியைக் கூட்டிக் குறைக்கிற இதழ்கள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி மினுங்கிக்கொண்டிருந்தன. “என்ன ரீச்சர் செய்தனீங்கள்?” என்று கேட்டேன். திருப்பேக்க இறுகினதாம், மூன்று சொட்டு எண்ணெய் விட்டாவாம். அங்கிள் தன் பால்மா ரின்னை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். என் முகம் போன போக்கைப் பார்த்து ரீச்சர் எனக்கு ஆறுதல் சொன்னா.

“பயப்பிடாதையும் பிள்ளை, கண்ட எண்ணெயும் விடேல்லை, சாமிக்கு விளக்கு வைக்கிற சுத்தமான நல்லெண்ணெய்தான் விட்டனான்.”

வீட்டில் கேட்டுச் சொல்கிறவர்

ஒவ்வொரு கடைக்கும் இப்படி ஒருவர் நேர்ந்துவிடப்பட்டிருப்பார். எங்கள் கடைக்குச் சபாரத்தினம் ஐயா. நில அளவைத் திணைக்களத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமையே ஒரு கொப்பியோடு வந்து, தன்னுடைய லென்சுக்குப் பொருத்தம் பார்க்கத் தொடங்கினார். சாதகப் பொருத்தம் பார்க்கிற அதே முறை. கொப்பியில் பத்துக் கேள்வி இருக்கும்; ஒவ்வொன்றாகக் கேட்டு, சரி, பிழை போடுவார். பத்துக்கு எட்டுப் பொருந்தினாலும் கொப்பியை மூடிவிட்டு, “வீட்டில கேட்டுச் சொல்லுறன்” என்று எழும்பிவிடுவார். பதினொரு வருடத்தில் எத்தனையோ கமராக்கள் இவரைக் கடந்து வேறு வீடுகளுக்குப் போய்விட்டன. வீட்டில் மனைவியிடம் இவர் ஒருநாளும் கேட்டதில்லை என்பது என்னுடைய முடிவு.

வளையம் வருவதற்கு இரண்டு நாள் இருக்கும்போது, நான் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய் அரை மணித்தியாலத்தில் திரும்பி வந்தேன். மேல்தட்டில் ‘ஸ்டீபன்’ என்ற துண்டு மட்டும் கிடந்தது. கமரா இல்லை. சபாரத்தினம் ஐயா வீட்டில் கேட்டுவிட்டாராம். வீட்டுக்கார அம்மா ஓம் என்றுவிட்டாவாம். எனக்கு வந்த கோபத்தில் முதலாளி என்றும் பாராமல் கத்திவிட்டேன். அங்கிளுக்கு இனி என்ன பதில் சொல்வது, கல்யாணத்துக்கு ஒன்பது நாள்தானே இருக்கிறது, துண்டில் பெயர் எழுதி ஒட்டியிருந்ததே, கண்ணில் படவில்லையா? நானா கதிரையில் கூனிக் குறுகி உட்கார்ந்திருந்தார். பாவமாகவும் இருந்தது.

“பதினொரு வருசமா பாத்த மனிசன் இண்டைக்கு எடுக்கிறன் எண்டு செல்றார் மகள், நான் எந்த வாயால வேணாம் எண்டு செல்ற?”

இல்லாத லென்ஸ்

மிச்சமிருந்தது சின்னச் சென்சர் உள்ள கமரா ஒன்று. மெல்லியது, வளையம் பொருந்தும், லென்ஸ் ஏறும். ஒரே ஒரு குறை. லென்ஸ் முழுப் படத்தையும் காட்டினாலும் சென்சர் நடுப்பகுதியை மட்டும்தான் பிடிக்கும். ஜன்னலைப் பாதி சாத்திவிட்டு ரோட்டைப் பார்ப்பது போல. ஆகவே முந்தி நின்ற இடத்திலிருந்து இன்னும் பின்னால் போய் நின்றுதான் எடுக்க வேண்டும். “இதோட வாற லென்சால எடுத்தா எல்லாம் தானாவே சரியா வரும் அங்கிள்” என்று சொல்லிப் பார்த்தேன். ‘தானாகவே’ என்ற சொல்லைக் கேட்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வளையம் வந்தது. மாட்டினோம். ‘டக்’ என்று ஏறியது. அங்கிள் நானாவைப் பார்த்துக் கமராவைத் தூக்கி, மூச்சைப் பிடித்து, பட்டனை அமுக்கினார். ஒன்றும் நடக்கவில்லை. திரையில் ஒரு வரி வந்தது: லென்ஸ் இல்லை. மறுபடியும் அமுக்கினார். லென்ஸ் இல்லை. பழைய லென்சுக்கும் கமராவுக்கும் இடையில் மின் தொடர்பு கிடையாது. ஆகவே கமராவைப் பொறுத்தவரை அங்கே வெறும் ஓட்டைதான். மெனுவுக்குள் போய் ‘லென்ஸ் இல்லாமலும் படம் எடு’ என்று போட்டுவிட்டால் சண்டை தீர்ந்துவிடும். நான் போட்டுக் கொடுத்தேன். வேலை செய்தது. நானா முழுசாகத் தெரிவதற்காக அங்கிள் பின்னால் போய்ப் போய்க் கடை வாசலையும் தாண்டி நடைபாதைக்கே போய்விட்டார். படம் அருமையாக வந்தது. ஆனால் அந்த வரி அவர் மனதில் குத்திவிட்டது; போகும்வரை அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

“முந்நூறு கல்யாணம் எடுத்த லென்ஸ் மிஸ், நேத்துப் பொறந்த கமரா இது, மூஞ்சிக்கு நேரா பாத்து இல்லேங்குது!”

மருமகனின் உதவி

கல்யாணத்துக்கு எனக்கும் நானாவுக்கும் அழைப்பு வந்தது. கொட்டாஞ்சேனைக் கோயிலில் பூசை முடிந்து, வாசல் படிகளில் குடும்பம் ஏறி நின்றது. அறுபது பேர் இருப்பார்கள். நடுவில் ரொஷானியும் மாப்பிள்ளையும். பக்கத்தில் கம்பனிக்காரர் மூன்று பேர், கறுப்புச் சேர்ட்டோடு, மணிக்கூட்டைப் பார்த்தபடி. தெரு முழுக்க அங்கிளுக்குத் தெரிந்த முகங்கள். அங்கிள் கோட்டுப் பொத்தானைப் பூட்டி, கமராவைத் தூக்கி, “எல்லாரும் இங்க பாருங்க!” என்று குரல் கொடுத்து அமுக்கினார். முகம் வெளுத்துவிட்டது. திரையைப் பார்க்காமலே எனக்கு விளங்கியது. லென்ஸ் இல்லை.

நான் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினேன். கம்பனிக்காரர் ஒருவர் தன் கமராவின் மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தார். படியில் ரொஷானி உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கும் அப்பா தோற்கக் கூடாது என்று இருந்தது என்பது அந்த முகத்தில் தெரிந்தது. மெனுவைத் திறந்தேன். நான் போட்டுக் கொடுத்ததை யாரோ மாற்றி வைத்திருந்தார்கள். “யார் இதில கை வைச்சது?” என்று சத்தமாகவே கேட்டுவிட்டேன். படியின் நடுவிலிருந்து மாப்பிள்ளை கை உயர்த்தினார். கொம்பியூட்டர் வேலை. முதல்நாள் மாமாவுக்கு உதவியாகக் கமராவைச் ‘செக்’ பண்ணியிருக்கிறார். அவ்வளவு பெருமை அந்த முகத்தில்.

“லென்ஸ் இல்லாம படம் எடுன்னு யாரோ மடத்தனமா போட்டிருந்தாங்க அக்கா, நான்தான் கண்டுபுடிச்சு சரி பண்ணி வச்சேன்.”

பின்னால், இன்னும் பின்னால்

மடத்தனத்தை மறுபடியும் போட்டுக் கொடுத்தேன். இரண்டு நிமிடம் மிச்சம். அங்கிள் கமராவைக் கண்ணில் வைத்தார். இரண்டு பக்கமும் சித்தப்பாமார் பாதி உடம்போடு நின்றார்கள். ஒரு அடி பின்னால் போனார். ஒரு சித்தப்பா உள்ளே வந்தார். இன்னும் இரண்டு அடி. பிலிம் காலத்தில் இந்த வாசலில் எங்கே நிற்க வேண்டும் என்று அவருடைய காலுக்குத் தெரியும். அந்த இடத்தை எப்போதோ தாண்டியாகிவிட்டது. கண்ணைக் கமராவிலிருந்து எடுக்காமல் போய்க்கொண்டே இருந்தார். கேற்றைத் தாண்டினார். “அங்கிள், ரோட்டு!” என்று கத்தினேன். கேட்கவில்லை.

ரோட்டோரம் ஒரு த்ரீவீல் நின்றது. அதன் விளிம்பில் முழங்காலின் பின்பக்கம் தட்டி, கமராவோடு அப்படியே பின் சீற்றில் போய் உட்கார்ந்தார். உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தால் அறுபது பேரும் முழுசாகத் தெரிந்தார்கள். எழும்புவாரா மனிதர்? அங்கேயே இருந்து ஃபோக்கசைத் திருப்பி, அமுக்கினார். படியில் நின்ற அத்தனை பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற அந்த நொடியில் விழுந்தது படம். சாரதி மெதுவாகத் தலையைத் திருப்பி, மீட்டரைத் தட்டிவிட்டு, எங்கே போக வேண்டும் என்று சிங்களத்தில் மரியாதையாகக் கேட்டார்.

“கொஹெத மாத்தயா யன்னே?”

பூ

அந்தப் படத்தை நீங்கள் பார்க்க வேண்டும். ஒவ்வொரு முகமும் தெளிவு, ஒவ்வொரு பல்லும் தெளிவு. கம்பனிக்காரர்கள்கூட வந்து எட்டிப் பார்த்துத் தலையாட்டினார்கள். அங்கிள் திரையை எல்லாருக்கும் காட்டிக்கொண்டு தெருவையே ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். கடைசியில் ரொஷானியிடம் கொடுத்தார். அவள் வெகு நேரம் பார்த்தாள். பிறகு, “டாடி, இதுல நீங்க எங்க?” என்று கேட்டாள். முந்நூறு கல்யாணத்தில் அவரிடம் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டார்கள்.

அடுத்த நொடியே அங்கிள் அவளிடமிருந்து கமராவை வாங்கி என் கையில் தந்துவிட்டார். கம்பனிக்காரர் கை நீட்டியபோதும் கொடுக்கவில்லை. “என் லென்ச இவங்கதான் தொடணும். கமராக்காரம்மா இவங்க!” நானா எனக்குப் பின்னால் நின்று இருமினார். என்ன செய்வேன்? போய் அதே த்ரீவீலில் உட்கார்ந்தேன். படியில் அங்கிள் மகளுக்குப் பக்கத்தில் போய் நின்று, சின்னப்பிள்ளை மாதிரி நெஞ்சை நிமிர்த்தினார். வளையத்தை ஒரு பக்கம் திருப்பினேன், மறுபக்கம் திருப்பினேன், ஏதோ ஒன்று தெளிவாகத் தெரிந்தது, அமுக்கினேன். தெளிவாகத் தெரிந்தது த்ரீவீல் கூரையின் ஓரத்தில் தொங்கிய பிளாஸ்டிக் பூ. அதன் இதழில் இருந்த தூசிவரைக்கும் எண்ணலாம். பின்னால் அறுபது பேரும் மழையில் நனைந்த சுவரொட்டி மாதிரி. அங்கிளைப் பல்லை வைத்துத்தான் அடையாளம் காணலாம். அவர் திரையை உற்றுப் பார்த்துவிட்டு, “லென்சுல ஒரு குறையும் இல்ல மிஸ், அந்தப் பூவப் பாருங்க!” என்றார்.

ஒரு மாதம் கழித்து இரண்டு படத்தையும் பிறின்ற் போட வந்தார். ஒன்று அல்பத்துக்கு, சின்ன அளவு. மற்றது சுவரில் மாட்ட, கண்ணாடிச் சட்டத்தோடு, பெரிய அளவு. அவர் எடுத்ததைத்தான் பெரிதாக்க வேண்டும் என்று நினைத்து நான் அளவு எழுதத் தொடங்க, கையைப் பிடித்து நிறுத்தினார்.

“அது இல்லீங்க மிஸ், நீங்க எடுத்தத பெருசா போடுங்க, அதுலதான் நா இருக்கேனாம், ரொஷானி அவ வீட்டு ஹோல்ல மாட்டணுமாம்.”

எந்த லென்சுக்கு எந்தக் கமரா பொருந்தும் என்று பதினொரு வருடமாக ஊருக்கெல்லாம் சொல்லி வந்த எனக்கும் கமராவுக்கும்தான் எந்தப் பொருத்தமும் இல்லை என்பதற்கான அத்தாட்சி இப்போது கொட்டாஞ்சேனையில் ஒரு வீட்டுச் சுவரில், கண்ணாடிச் சட்டத்துக்குள், பெரிய அளவில் தொங்குகிறது.